வண்டி இடித்து வருடம் ஆன பின்னும் வலிக்கிற கழுத்து: தசைக்குள் என்ன நடக்கிறது?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் பூக்கட்டிப் பிழைக்கிற அக்கா ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார். விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வேகத்தடையில் நிதானித்த ஆட்டோவைப் பின்னால் வந்த மினி லாரி இடித்துவிட்டது. யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. ஆட்டோவின் பின்பக்கத் தகரம் நசுங்கியதோடு சரி. டிரைவர்கள் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா இறங்கி வேறு ஆட்டோ ஏறி, மார்க்கெட்டுக்குப் போய், மல்லிகை வாங்கி, வீட்டுக்கு வந்து அன்றைக்குக் கட்ட வேண்டியதையும் கட்டி முடித்துவிட்டார். மறுநாள் காலையில்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பிடரியைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறார். இது நடந்து 14 மாதம் ஆகிறது.

"தலையில பானையத் தூக்கி வச்ச மாதிரி கனக்குது தம்பி. பத்து நிமிசம் குனிஞ்சு பூக்கட்ட முடியல. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுட்டாக. வீட்டுல எங்க மதினி கூட நான் வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறேங்கிறாக."

முதல் நாள் அவர் சொன்னது இது. வலியைவிட அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. இயன்முறை மருத்துவனாக இருக்கிற இத்தனை வருடத்தில் இதே கதையை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான்குவழிச் சாலையில் கார் ஓட்டுகிறவர், டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த கல்லூரிப் பெண், சிக்னலில் நின்ற ஸ்கூட்டியோடு இடிபட்ட ஆசிரியை என்று ஆள்தான் மாறும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. வலி மட்டும் போகாது.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பது உண்மைதான். ஆனால் அது எலும்பைப் பற்றிய உண்மை. எலும்பு முறிந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லும். எலும்பைச் சுற்றியிருக்கிற தசை அதில் வெறும் நிழல். அந்த நிழலுக்குள் மாதக்கணக்கில் என்ன நடக்கிறது என்பதைக் கடந்த இருபது வருடங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் ஓரளவு தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இது பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று பலரும் வருத்தப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

இந்தக் காயத்துக்கு ஆங்கில மருத்துவத்தில் விப்லாஷ் என்று பேர். சாட்டையைச் சொடுக்குவது போலத் தலை உதறப்படுவதால் வந்த சொல். 1928-இல் ஹெரால்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் பயன்படுத்தியது. நம் பக்கம் "கழுத்து வெட்டி இழுத்துருச்சு" என்பார்கள். என்ன நடந்தது என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது சீட்டு முதுகைத் தள்ளுகிறது. உடம்பு முன்னால் போய்விடுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் கழுத்தெலும்பு வரிசை ஒரு கணம் பாம்பு போல இரண்டாக வளைகிறது. கீழ்க்கழுத்து பின்னால் மடங்க, மேல்கழுத்து முன்னால் குனிகிறது. நாம் தலையை அண்ணாந்து பார்க்கும்போதோ குனியும்போதோ கழுத்து இப்படி வளைவதே கிடையாது. இது நடந்து முடிய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "நான் கெட்டியாப் பிடிச்சிருந்தா இப்படி ஆயிருக்காதே" என்று தன்னையே நொந்துகொள்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: எதிர்பாராமல் இடிபட்ட எவராலும் அவ்வளவு சீக்கிரம் கழுத்தை இறுக்க முடியாது.

அந்த உதறலில் கழுத்தெலும்புகளுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிற சின்ன மூட்டுகளும், அவற்றைச் சுற்றியுள்ள சவ்வும் நசுங்கலாம், கிழியலாம். பெரும்பாலும் இது எக்ஸ்ரேயிலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டின் மேல் இருக்கிற தலைசாய்ப்பு சொகுசுக்கு வைத்ததல்ல. அதன் மேல்விளிம்பு காதுக்கு மேலே, உச்சந்தலைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். பின்தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே இறக்கி விட்டிருந்தால், இடிக்கும்போது தலை அதன்மேல் ஏறி மடங்கும். ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு இந்த வசதியும் இல்லை. தோள் உயரத்தில் ஒரு கம்பி இருந்தாலே பெரிது. 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் மட்டும் 64,105, இந்தியாவிலேயே அதிகம். அந்தக் கணக்கில் வராத, போலீசுக்கே போகாத இடிபாடுகள் எவ்வளவு என்பது ரிங் ரோட்டில் தினம் போய்வருகிற யாருக்கும் தெரியும்.

இப்போது தசைக்கு வருகிறேன்.

கழுத்துத் தசைகளை இரண்டு அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியடுக்கில் இருப்பவை நீளமானவை, பலமானவை. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு, பிடரியிலிருந்து தோளுக்கு விரியும் ட்ரப்பீசியஸ் போன்றவை. தலையை வேகமாகத் திருப்ப, சுமை தூக்க, இருமும்போது தலையை நிறுத்த இவை வேண்டும். உள்ளடுக்கில் எலும்பை ஒட்டினாற்போல் சின்னச் சின்னத் தசைகள். பின்பக்கம் மல்டிஃபிடஸ், அதற்கும் மேலே மண்டை ஓட்டின் அடியில் விரல் நீளம்கூட இல்லாத நான்கு ஜோடிகள். முன்பக்கம், உணவுக்குழாய்க்குப் பின்னால் மறைந்திருக்கிற லாங்கஸ் கோலை. இவற்றால் பெரிய சுமை எதையும் தூக்க முடியாது. ஒவ்வொரு எலும்பையும் அடுத்த எலும்பின்மேல் நிலையாக நிறுத்திவைப்பதுதான் இவற்றின் வேலை. சித்திரைத் தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் சரியாகப் போடாவிட்டால் தேர் எங்கே போகும்? உள்ளடுக்குத் தசைகள் அந்த முட்டுக்கட்டைக்காரர்கள்.

இன்னொன்றும் உண்டு. எவ்வளவு இழுபட்டிருக்கிறோம் என்று மூளைக்குச் சேதி சொல்லும் நுண்ணுறுப்புகள் எல்லாத் தசைகளிலும் இருக்கின்றன. மண்டை ஓட்டின் அடியில் இருக்கிற அந்தக் குட்டித் தசைகளில் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மூளை கண், காது ஆகியவற்றோடு இந்தத் தசைகளிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அதனால்தான் கழுத்து அடிபட்டவர்கள் பலர் வலியோடு கிறுகிறுப்பையும் சொல்கிறார்கள். தீபாவளிக் கூட்டத்தில் மாசி வீதியில் நடந்தால் தரை நழுவுவது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவர் தலையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் சின்ன லேசர் விளக்கைப் பொருத்தி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைத்தேன். கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னால், ஆரோக்கியமானவரின் வெளிச்சப் புள்ளி புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். 7 செ.மீ.க்கு மேல் விலகினால் கழுத்து தவறான சேதி சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவருடைய புள்ளி ஒரு சாண் தள்ளி நின்றது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்தவர், "அப்ப இது பிரமை இல்லையா சார்?" என்றார்.

2006-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் எலியட் என்ற இயன்முறை மருத்துவர், குவென்டோலின் ஜுல் முதலானவர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். வண்டி இடித்து மாதங்கள் கடந்தும் கழுத்துவலி தீராத 79 பெண்களையும், வலியே இல்லாத 34 பெண்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். வலி தீராதவர்களின் பிடரித் தசைகளுக்குள் கொழுப்பு படிந்திருந்தது. அதிலும் உள்ளடுக்கில், மேல்கழுத்தில் மிக அதிகம்.

தசைக்குள் கொழுப்பு என்றால் என்னவென்று மதுரைக்காரர்களுக்கு விளக்க ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையே போதும். தொடைக்கறி செக்கச்செவேலென்று ஒரே நிறமாக இருக்கும். வேறு சில துண்டுகளில் சிவப்புக்கு நடுவே வெள்ளை நூல் ஓடினாற்போல் கொழுப்பு பின்னியிருக்கும். தோலுக்கடியில் தனியாக ஒட்டியிருக்கிற கொழுப்பு வேறு, நாருக்கும் நாருக்கும் நடுவே நுழைந்திருக்கிற இந்தக் கொழுப்பு வேறு. எம்.ஆர்.ஐ. படத்தில் தசை சாம்பல் கருப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் தெரியும். அடிபட்ட கழுத்துகளின் உள்தசைகளில் அந்த வெள்ளை நூல் ஓடியிருந்தது. தசை மெலிந்து சுருங்கியிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் சிலருடைய மல்டிஃபிடஸ் அளவில் பெரிதாகவே இருந்தது. கொழுப்பு சேர்ந்து ஊதியிருந்ததே காரணம். அதாவது தசை பார்வைக்குப் பருத்திருக்கும், வேலை செய்யும் நார் குறைந்திருக்கும்.

இந்தக் கொழுப்பைப் பற்றிப் பேசும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். நம் தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் அர்த்தம். "உங்க கழுத்துல கொழுப்பு இருக்குக்கா" என்று நான் ஒருமுறை யோசிக்காமல் சொல்லிவிட்டு, அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஏற்கெனவே நடிக்கிறாள் என்று பேர் வாங்கியவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்? இப்போது "தசை நார் நடுவுல வெள்ளை படிஞ்சிருக்கு" என்றுதான் சொல்கிறேன். உடம்பு பருமனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2006 ஆய்விலேயே அதைப் பார்த்திருக்கிறார்கள்: வயதோ, உடல் எடையோ, அடிபட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதோ கொழுப்பின் அளவைத் தீர்மானிக்கவில்லை.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்களா என்பதும் தீர்மானிக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேஸ் முடிகிற வரைக்கும் வலி இருக்கும், பணம் வந்தால் வலி போய்விடும் என்று நம் ஊரிலும் பேச்சு உண்டு. வழக்குப் போட்டவர் தசையிலும், போடாதவர் தசையிலும் ஒரே வெள்ளைதான் இருந்தது. வேண்டுமென்று நினைத்து யாரும் தன் தசைக்குள் கொழுப்பை வரவழைக்க முடியாது.

அப்படியானால் வலிக்குக் காரணம் இந்தக் கொழுப்புதான் என்று சொல்லிவிடலாமா? கூடாது. வலி எவ்வளவு என்று நோயாளி சொன்ன அளவும் அந்த ஆய்வில் கொழுப்போடு ஒத்துப்போகவில்லை. அதிகம் வெள்ளை படிந்தவருக்கு அதிகம் வலி என்று கணக்குப் போட முடியாது. கொழுப்பு ஒரு தடயம். உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று காட்டுகிறது. அதுவே குற்றவாளி என்று யாரும் நிரூபிக்கவில்லை.

2008-இல் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். கழுத்து வலித்தால் ஆட்டாமல் வைத்திருக்கிறோம், ஆட்டாத தசையில் கொழுப்பு படியும், இவ்வளவுதானா? அப்படியென்றால் விபத்து எதுவும் இல்லாமல் தானாகவே கழுத்துவலி வந்து வருடக்கணக்காக அவதிப்படுகிறவர்களிடமும் இதே கொழுப்பு இருக்க வேண்டும். அவர்களை ஸ்கேன் செய்தபோது அப்படி இல்லை. ஆக, வலியும் அசையாமையும் மட்டும் காரணமல்ல. இடிபட்டது என்பதில் தனியாக ஏதோ இருக்கிறது. மூட்டிலிருந்து வரும் வலிச் சேதி உள்தசையை அணைத்துவிடுவதாலா, தசைக்குப் போகும் மெல்லிய நரம்புக் கிளை உரசப்பட்டதாலா, அழற்சியாலா என்று விவாதம் இன்றும் ஓடுகிறது. என் அனுபவத்தில் ஒரே காரணம் எல்லாருக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை.

ஆனால் கொழுப்பு எப்போது படிகிறது என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்தது. 2011-இல் வெளியான ஆய்வில் எலியட்டும் மிஷெல் ஸ்டெர்லிங்கும் மற்றவர்களும் 44 பேரை விபத்து நடந்த முதல் மாதத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 4 வாரத்தில் ஒரு ஸ்கேன், 3 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று. 4 வாரத்தில் குணமாகப் போகிறவர்களுக்கும் வலி நீடிக்கப் போகிறவர்களுக்கும் தசையில் வித்தியாசம் தெரியவில்லை. 3 மாதத்தில் தெரிந்தது. வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ நீடித்தவர்களின் தசையில் மட்டும் வெள்ளை ஏறியிருந்தது. 6 மாதத்திலும் அது இருந்தது. குணமானவர்களுக்கு ஏறவே இல்லை.

இதை வாசித்த பிறகு நான் வேலை செய்யும் விதமே மாறிப்போனது. நம் பக்கம் கழுத்து அடிபட்டவருக்கு அந்த மூன்று மாதம் எப்படிப் போகிறது? முதல் வாரம் மாத்திரை. பிறகு கழுத்துப் பட்டை. ஒரு வாரத்துக்குச் சொன்னதைப் பயத்தில் இரண்டு மாதம் போட்டிருப்பார்கள். நடுவில் யாரோ சொல்லி, சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொள்வார்கள். மென்மையாக நீவிவிடுவதால் கெடுதல் இல்லை, இதமாகவும் இருக்கும். ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது ஆபத்து. சலூனில் முடிவெட்டிய கையோடு செய்வதும் அப்படித்தான். கழுத்தெலும்புகளின் துளை வழியாக மூளைக்கு ரத்தம் போகிற குழாய் ஏறுகிறது. திடீரென்று திருகினால் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் திருப்பிக் கொண்டுவர முடியாது. விபத்தில் அடிபட்ட கழுத்தை யாரிடமும் சொடுக்கக் கொடுக்காதீர்கள்.

இப்படிப் பட்டையும் எண்ணெயுமாக மூன்று மாதம் போன பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள். வெள்ளை படிகிற காலம் கழிந்துவிட்டிருக்கும்.

பூக்கட்டும் அக்காவை முதல் நாள் சோதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மல்லாந்து படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்ற ஒரு சின்னக் காற்றுப்பையைக் கழுத்துக்கடியில் வைத்து, அளவுமானியில் 20 காட்டும்வரை காற்றடித்தேன். "ஆமாங்கிற மாதிரி லேசாத் தலையாட்டுங்கக்கா, தூக்க வேணாம்" என்றேன். உள்ளடுக்கு முன்தசைகள் வேலை செய்தால் கழுத்தின் வளைவு நிமிர்ந்து பையை மெல்ல அழுத்தும். முள் 22, 24 என்று ஏறி 30 வரை போகலாம். ஒவ்வொரு படியிலும் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். அவர் தலையாட்ட முயன்றதும் காதிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற அந்த வெளித்தசை இரண்டு பக்கமும் கயிறு போலப் புடைத்து நின்றது. முகம் இறுகியது, மூச்சு நின்றது. முள் 22-ஐத் தொட்டு நடுங்கித் திரும்ப இறங்கிவிட்டது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வேலைக்கு வராததால் வடம் இழுக்கிறவர்களே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அப்படி இழுத்தால் சாயங்காலம் பானையைச் சுமந்த மாதிரிக் கனக்காமல் என்ன செய்யும்?

பூக்கட்டுகிற வேலையைக் கொஞ்சம் கவனித்தால் இன்னும் விளங்கும். மடியில் பூ, கால் பெருவிரலில் நார், கண் முழுக்கக் கண்ணியில். தலை முன்னால் கவிழ்ந்து மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது. குனிந்த தலையைப் பிடித்து நிறுத்துவதில் பிடரியின் உள்தசைகளுக்கும் பங்கு உண்டு, அந்த மல்டிஃபிடஸுக்கும் மண்டை ஓட்டடித் தசைகளுக்கும். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியை முழம் முழமாகக் கட்டுகிற பெண்களின் கழுத்தைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் மனசைப் பற்றியும் பேச வேண்டும். பேசினால் "பார்த்தியா, எல்லாம் மனசுதான்" என்று சிலர் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் பயமாகவும் இருக்கிறது. அந்த 2011 ஆய்விலேயே, விபத்தின் அதிர்ச்சி மனத்திலிருந்து நீங்காதவர்களுக்கும் தசையில் கொழுப்பு ஏறியதற்கும் தொடர்பு இருந்தது. பின்னால் ஹாரன் கேட்டால் நெஞ்சு திக்கென்பது, இடித்த சத்தம் தூக்கத்தில் கேட்பது, அந்த ரோடு வழியாகப் போகவே மறுப்பது எல்லாம் இதில் சேரும். பயம் நீடித்தால் உடம்பில் சுரப்பிகளின் ஓட்டமே மாறுகிறது, தூக்கம் கெடுகிறது, தோள்கள் இறங்காமல் தூக்கியே நிற்கின்றன. பயந்த உடம்பு தசையை வேறு விதமாக நடத்துகிறது. இதில் நடிப்பு எங்கே வந்தது?

இதை ஒட்டி 2019-இல் ஸ்டெர்லிங் குழு செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். விபத்தாகி நாலு வாரத்துக்குள் இருந்த, குணமாகாமல் போகும் அபாயம் அதிகமிருந்த 108 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி மட்டும். மறுபாதிக்கு உடற்பயிற்சியோடு, பதற்றத்தைச் சமாளிக்கிற பயிற்சியும் சேர்த்து: மூச்சை நிதானிப்பது, தசையைத் தளர்த்துவது, பயம் வரும்போது தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வது. அதைக் கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, இயன்முறை மருத்துவர்களே. இரண்டாவது பாதியினர் ஆறு வாரத்திலும் தேறியிருந்தார்கள், ஒரு வருடம் கழித்தும் முதல் பாதியைவிட நன்றாக இருந்தார்கள்.

வெறும் உடற்பயிற்சியால் எல்லாம் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வலி நாள்பட்டுப்போன 172 பேரில் ஒரு பாதிக்கு 20 முறை நேரில் பயிற்சி கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஒரே ஒருமுறை விளக்கிச் சொல்லி, தேவைப்பட்டால் போன் செய்யச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் தொழிலுக்குக் கசப்பான முடிவுதான். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நாள்பட விட்டுவிட்டால் எங்கள் கையில் உள்ள கருவிகள் மழுங்கிப்போகின்றன என்பதையும், நன்றாக விளக்கிச் சொல்வதே பாதி மருந்து என்பதையும்தான்.

வெள்ளை ஏறிவிட்ட தசை பழைய நிலைக்குத் திரும்புமா? 2015-இல் ஐந்தே ஐந்து பெண்களை வைத்து ஒரு சிறு முன்னோட்ட ஆய்வு செய்தார்கள். பத்து வாரம் கழுத்துக்கென்று அமைத்த பயிற்சிக்குப் பிறகு மல்டிஃபிடஸில் கொழுப்பு குறைந்து, தசையின் பலம் கூடியிருந்தது. ஐந்து பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏறியது நிரந்தரம் என்று நினைக்கத் தேவையில்லை.

"வெளிநாட்டுக்காரனுக்குத்தான் இந்த வியாதியெல்லாம், நம்ம ஊர்ல இடிச்சா எந்திரிச்சுப் போயிட்டே இருப்பான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இதற்கு ஆதாரம் போல ஒரு லிதுவேனிய ஆய்வையும் காட்டுவார்கள். 1996-இல் வந்தது. இன்சூரன்ஸ் வழக்கு என்பதே அதிகம் இல்லாத அந்த நாட்டில், பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழித்துத் தேடிக் கேட்டபோது, விபத்தில் சிக்காதவர்களைவிட அவர்களுக்குக் கழுத்துவலி அதிகம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் இடிபட்ட எல்லாரையும் எண்ணினார்கள், கழுத்தில் காயம்பட்டவர்களை மட்டும் அல்ல. எதிர்பார்ப்பும் வழக்கும் வலியைக் கூட்டும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதை வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷியின் வலியை மறுப்பது நியாயமில்லை. எழுந்து போய்க்கொண்டே இருந்தவர்கள் மறுநாள் எப்படி எழுந்தார்கள் என்று நம்மில் யார் போய்க் கேட்டோம்? பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கழுத்தில் காயம்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருடம் கழித்தும் ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கிறது. கட்டிலோடு கிடக்க வைக்கிற வலி இல்லாமல் இருக்கலாம். வேலையைப் பறிக்கிற அளவுக்குப் பலருக்கு இருக்கிறது.

சட்டத்திலும் இந்தக் கழுத்து விழுந்துவிடுகிற ஒரு ஓட்டை உண்டு. விபத்தன்று எழுதப்படுகிற காயச் சான்றில் எலும்பு முறிவு இருந்தால் கொடுங்காயம். முறிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் சாதாரணக் காயம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவைப் படித்தால், 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயத்தில் அடங்கும் என்றிருக்கிறது. பழைய சட்டத்தில் அது 20 நாள். வலி எழுத்தில் இல்லையென்றால் அந்த வரியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: என்றைக்கு வலி ஆரம்பித்தது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள்.

இடிபட்ட அன்று கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்து நாக்குக் குழறினாலோ தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே பரிசோதித்து முறிவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் பட்டையைக் கழற்றிவிட்டு, வலி தாங்குகிற அளவுக்குக் கழுத்தை மெல்ல ஆட்ட ஆரம்பியுங்கள். சின்ன வேலைகளை விடாமல் செய்யுங்கள். வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். சாதாரண ஸ்கேன் அறிக்கையில் அதை எழுதவும் மாட்டார்கள், எழுதினாலும் சிகிச்சை மாறாது. இரண்டு, மூன்று வாரத்தில் வலி இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ரோட்டைக் கண்டால் பயமாக இருக்கிறது என்றால் அப்போதே இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

அக்காவுக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. முதல் நாளே அவர் மதினியையும் வரச்சொல்லி, சுவரில் படம் வரைந்து இரண்டு அடுக்குத் தசையையும் காட்டினேன். மதினி ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை அவரே அக்காவைக் கையோடு கூட்டிவந்தார். பூத்தட்டை மடியிலிருந்து எடுத்து முக்காலி மேல் வைத்தாயிற்று. பந்துக்கு ஒருமுறை நாரை வைத்துவிட்டுப் பத்துத் தடவை மெல்லத் தலையாட்டுகிறார், பக்கவாட்டில் திரும்பி யானைமலையைப் பார்க்கிறார். ஆட்டோ ஏறுமுன் மூச்சை நிதானித்துக்கொள்கிறார். இப்போதும் பின்சீட்டில் உட்காருவதில்லை. வலி போய்விட்டதா என்றால் இல்லை. சாயங்காலம் கனக்கத்தான் செய்கிறது. போன வாரம் அந்தக் காற்றுப்பையை வைத்துப் பார்த்தேன். முள் 26-இல் நின்றது, பத்து எண்ணி முடிக்கும்வரை கயிறு புடைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தவர், "இப்ப அரை மணி நேரம் குனிய முடியுது தம்பி" என்று சொல்லிவிட்டு, நேரமாயிற்று என்று மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.